குருக்களும் மூச்சு மெஷினும்

சாம்பமூர்த்தி குருக்கள் யார் தாளத்துக்கும் ஆடாத மனிதர். கிரிவலத்தில்கூட அவர் நடந்தால் கூட வருபவர்களும் நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். மனைவி நீலாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் அவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். கர்ப்பக்கிருகத்துப் புகையும் ஹோமப் புகையும் சேர்ந்து அவர் நுரையீரலைப் பாழாக்கிவிட்டன. இந்த முறை மூச்சு முட்டி ஐ.சி.யு.வில் படுத்தவருக்கு முகத்தில் மாஸ்க் மாட்டி, மெஷினோடு இணைத்தார்கள். பிடிவாதக்காரருக்கு வாய்த்ததும் ஒரு பிடிவாதக்கார மெஷின்.

அது தன் கணக்குப்படி காற்றைத் தள்ளியது. அவர் மூச்சை வெளியே விட்டு முடிப்பதற்குள் அடுத்த காற்று வந்து மோதியது. மனிதர் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்.

டாக்டர் தேவிப்ரியா மெஷினின் முறையை மாற்றினார். "இதுல அவர் மூச்ச ஆரம்பிச்சாதான் மெஷின் கை கொடுக்கும் மாமி. முன்ன இருந்தது அவரக் கேக்காமயே தள்ளிச்சு. இதுக்கும் ஒத்துக்கலன்னா தொண்டைல குழாய் போட்டாகணும். இந்த நுரையீரலுக்கு அப்புறம் அத எடுக்கறது ரொம்பக் கஷ்டம்."

"புரியறதும்மா. முன்ன இருந்தது என் மாமியார். இது நான்," என்றாள் நீலாம்பாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிற்பகல் முழுவதும் குருக்கள் சமர்த்தாக மூச்சு விட்டார். பொழுது சாயும் நேரத்தில் மெஷின் வீல் வீலென்று கத்தியது. நர்ஸ் கஸ்தூரி ஓடி வந்தாள்.

"மேடம், மூச்சே இழுக்க மாட்றாரு!"

டாக்டர் குழாயை எடுத்துவரச் சொன்னார். நீலாம்பாள் கட்டிலருகே ஓடினாள். கண்ணை மூடிக் கிடந்தவரின் கையைப் பிடிக்கப் போனாள். போர்வைக்கடியில் அவருடைய கட்டைவிரல், மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா! குழாய் வேண்டாம்மா, இருங்கோ. சந்தியாவந்தனம் பண்றார்! பிராணாயாமத்துக்கு மூச்சை அடக்கிண்டிருக்கார்!"

குருக்கள் ஒரு கண்ணைத் திறந்து ஆமாம் என்று தலையாட்டினார். மூச்சை விட்டார். மெஷின் வாயை மூடியது. ஆனால் விரல் மட்டும் நிற்கவில்லை. இன்னும் பாக்கி இருக்கிறதாம். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன நீலாம்பாளுக்கு. அந்த விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"பாக்கியை நான் அடக்கறேன். நீங்க விடுங்கோ."

மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. அவர் அவளையே பார்த்தபடி இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். மெஷினும் சத்தமில்லாமல் அவர் பின்னாலேயே போனது.

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போறும்டி. நீயும் விடு."