இடது பக்கம் கொஞ்சம் மேலே

என் முகத்தைப் பற்றி நானே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. முன்பக்கம் வழுக்கை. மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுன்டரில் வேலை. இந்தத் தகுதிகளோடு ஒருவன் சில வருடங்கள் ஒப்பனை மாடலாக இருந்தான் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அந்த நம்பிக்கை வரும்.

என் மனைவி ஒப்பனைக்காரி. எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய பார்லர். பெரிய கண்ணாடி ஒன்று, சுழலும் நாற்காலி ஒன்று, சுழல மறந்துபோன நாற்காலி ஒன்று, அலமாரி நிறைய டப்பாக்கள். மணப்பெண்களுக்குப் போடுவதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. அவளுக்குத்தான் அதில் அலுத்துவிட்டது.

"எல்லாப் பொண்ணும் போன்ல ஒரே போட்டோவைக் காட்டி இதே மாதிரி போடுங்கங்கறாங்க. நான் என்ன ஜெராக்ஸ் மிஷினா?" என்பாள்.

சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நூலகத்திலிருந்து ஒரு தடிமனான படப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படக் காலத்து நடிகைகளின் முகங்கள். அவர்களுக்குத்தான் பேச்சே கிடையாதே, சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணும் புருவமும்தான் சொல்ல வேண்டும். அதனால் புருவத்தை நூலாக இளைத்து, அதன் வாலைக் கன்னத்தை நோக்கி இறக்கியிருந்தார்கள். கண்ணைச் சுற்றி அடுப்புக்கரியை அப்பியதுபோல் கறுப்பு. உதடோ ஒரு ஸ்பூன்கூட நுழையாத அளவுக்கு நடுவில் சின்னதாக. எனக்கு எல்லாருமே வீட்டில் துக்கம் நடந்தவர்கள் போலத் தெரிந்தார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

"இதை அப்படியே போட்டா மாறுவேடப் போட்டி. இந்தக் காலத்துப் பொண்ணு ஒருத்தி இதைப் போட்டுக்கிட்டுக் காலையில பஸ் ஏறி வேலைக்குப் போகணும். பாக்கறவங்க திரும்பிப் பாக்கணும், ஆனா சிரிக்கக் கூடாது" என்றாள்.

புருவத்தை மழிக்காமல் அதன் வாலை மட்டும் கன்சீலரால் மறைப்பது, கறுப்புக்குப் பதில் செம்பு நிறத்தை விரலால் தேய்த்துக் கண்ணைச் சுற்றிப் பரப்புவது, உதட்டின் நடுவில் நிறத்தை வைத்து ஓரத்துக்குப் போகப்போகக் கரைத்துவிடுவது என்று திட்டமெல்லாம் தயார். போட்டுப் பார்க்கத்தான் முகம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தடவை வந்து உட்கார்ந்தாள். புருவத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததும், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து ஓடினாள். அந்தப் பால் இன்னும் பொங்கி முடியவில்லை. மச்சினி தன் தோலுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று போனிலேயே சொல்லிவிட்டாள். மகன் வெளியூர் விடுதியில் இருந்தான். மிச்சம் நான்.

இந்த இடத்தில் என் முகத்தின் சரித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாக என்னைக் கேட்காமலே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இறங்கிக் கிடந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை, மின்சார ஒத்தடம், பலூன் ஊதுவது என்று சில மாதம் போயிற்று. முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக் கால்வாசியை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இடது புருவம் ஒரு நூல் கீழே, இமை கொஞ்சம் தொய்வு, உதட்டோரம் லேசாகச் சரிவு. மற்றவர்கள் கவனித்தார்களா தெரியாது. எனக்கென்னவோ தெருவில் போகிற நாய்கூட என் இடது பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் குரைக்கிறது என்று தோன்றும்.

அன்றிலிருந்து போட்டோவுக்கு முழுக்குப் போட்டேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் குரூப் போட்டோ என்று குரல் கேட்டால் கை கழுவப் போய்விடுவேன். அலுவலகத்தில் இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடியேதான் உட்காருவேன். பெரிய சிந்தனையாளன் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. புதிதாக வந்த அதிகாரி தன் மகனை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அப்படிப்பட்டவன் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள், போட்டோ மட்டும் எடுக்கக் கூடாது. அவளும் சரி என்று, போட்டுப் பார்த்ததையெல்லாம் முகத்தின் கோட்டுருவம் அச்சடித்த தாள்களில் நிறம் தீட்டி வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் வேலை ஆரம்பமாகும். "கண்ணை மூடுங்க. திறங்க. மேல பாருங்க. பேசாதீங்க" என்பாள். நான் ஊருக்கே மறைத்த முகத்தை ஒரு கை முகவாயில் ஏந்திக்கொள்ளும். இன்னொரு கை பிரஷ்ஷோடு வரும். அவள் மூச்சு என் நெற்றியில் படும். "இடது பக்கம் கொஞ்சம் மேலே" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்வாள். அது அந்தக் காலத்து ஒப்பனையின் ரகசியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. வாரம் முழுக்க அந்த நாற்காலிக்காகக் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. ஒப்பனை கலையாமல் இருக்க ஸ்ட்ரா வைத்து டீ குடித்தேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நாளடைவில் தலைக்கனமும் ஏறியது. கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். முகம் நேராக, கம்பீரமாக, கொஞ்சம் சோகமாக இருக்கும். மகன் ஒருமுறை வீடியோ அழைப்பில் வந்தான். நான் எடுத்தேன். உடனே துண்டித்துவிட்டு மறுபடி அழைத்து, "அப்பா, நீங்கதானா?" என்றான். திங்கட்கிழமைகளில் இமையோரத்து மை முழுவதும் போயிருக்காது. கரண்ட் இல்லை என்று கத்திக்கொண்டு வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "பரவால்ல சார், நாளைக்கு வந்தாக்கூடப் போதும்" என்று போய்விடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு அழகுசாதன நிறுவனம், புதிய ஒப்பனைகளை உருவாக்கித் தர ஆள் தேடியது. இவள் தன் தாள்களை அனுப்பினாள். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். அதில் இவளும் ஒருத்தி. நிறுவனத்தின் மாடலுக்கு நேரில் போட்டுக் காட்ட வேண்டும். தேர்வாகிவிட்டால் இனி மணப்பெண்களின் போன் போட்டோவைப் பார்த்துப் போட வேண்டியதில்லை, பயிற்சிக்கும் நிறுவனமே மாடல்களை அனுப்பும்.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் ஜெயிக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெயித்தால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்காருவாள், என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இந்த வயதில், இந்த வழுக்கையோடு, முன்பின் பார்த்திராத ஒரு மாடல் பெண்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நான் பெட்டி தூக்கப் போனேன்.

வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி என்று அந்த அறையே ஆஸ்பத்திரி போலிருந்தது. மேலாளர் அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடல் பெண் வந்தாள். அளவெடுத்துச் செய்த முகம். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சண்டை போட எந்தக் காரணமும் இல்லாத முகம். "வணக்கம் அங்கிள்" என்றாள். அப்போதே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இவள் கை விறுவிறுவென்று ஓடியது. நான் வழக்கம்போல் இடது கன்னத்தைக் கையில் தாங்கி ஓரமாக நின்றேன். முடிந்ததும் மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"கலர் எல்லாம் ரொம்ப அழகு. உதடு பிரமாதம். ஆனா மொத்தமா பாத்தா ஏதோ கோணலா இருக்கேம்மா" என்றார்.

உண்மைதான். அந்தப் பெண் ஒரு புருவத்தை உயர்த்தி, "அப்படியா, நம்பிட்டேன்" என்று எல்லாரையும் கேலி செய்வது போலிருந்தாள். இவள் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி அதே கேலி. தாள்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். தாளில் எல்லாம் நேராகத்தான் இருந்தது. இவள் முகத்தில் ஈயாடவில்லை. மணப்பெண்களுக்கு எத்தனையோ பேருக்கு நேராகப் போட்ட கை. இது ஒன்று மட்டும் ஏன் கோணுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இன்னொரு தடவை வேணா பாருங்க. அப்புறம் அடுத்தவங்களைக் கூப்பிடணும்" என்றார் மேலாளர் அம்மா.

மூன்றாவது முறை பிரஷ்ஷை எடுத்தாள். "இடது பக்கம் கொஞ்சம் மேலே" என்று முணுமுணுத்தாள். அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. அந்தக் காலத்து ரகசியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் 'கொஞ்சம்' என்னுடையது. இந்த ஒப்பனையை ஆரம்பத்திலிருந்து என் முகத்தில் மட்டும்தான் போட்டுப் பழகினாள். இறங்கிய புருவத்தை ஏற்றி, தொய்ந்த இமையை இழுத்து, சரிந்த உதட்டோரத்தை நிமிர்த்தி, அதுதான் அளவு என்று கை படித்துக்கொண்டது. பூசுவதற்கு முன் ஒரே ஒரு போட்டோ எடுத்திருந்தால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைத்தான் நான் எடுக்க விடவில்லையே.

பேசாமல் இருந்தால் என் நாற்காலி எனக்கே. அப்படி ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்த வேகத்தில், அவள் பிரஷ்ஷை நிறத்தில் தோய்க்காமலே மாடலின் முகத்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன்.

"மேடம், தப்பு அவ கையில இல்ல. என் மூஞ்சியில" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கையைக் கன்னத்திலிருந்து எடுத்தேன். விளக்குக்கு அடியில் போய் நின்றேன். அத்தனை வெளிச்சத்தில் அத்தனை பேருக்கு முன்னால் முகத்தைக் காட்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. "இதுலதாங்க பழகினா. எனக்கு இடது பக்கம் இறங்கியிருக்கும். அதுக்கு ஏத்தாப்புல தூக்கித் தூக்கி அதுவே பழகிப்போச்சு" என்றேன். நாக்கு குழறியது. இதற்கும் முகவாதத்தின் மேல்தான் பழி போட வேண்டும்.

இவள் கிட்டே வந்தாள். பிரஷ்ஷின் காம்பை என் கண்களுக்குக் கீழே கிடையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்த்தாள். புருவத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். பிறகு உதட்டுக்கு நேரே.

"இது எப்பலேருந்துங்க இப்படி இருக்கு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "என்னடி கேக்கற? ஆறு வருஷமா இப்படித்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நீதானே கூட்டிட்டுப் போன?"

"கூட்டிட்டுப் போனேன். அதான் அப்பவே சரியாப் போயிடுச்சேன்னு நெனச்சிட்டிருக்கேன்" என்றாள்.

மாடல் பெண் சிரித்துவிட்டாள். மேலாளர் அம்மா சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் காம்பை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல் நின்றாள்.

பிறகு மாடலிடம் திரும்பி இடது பக்கத்தை மட்டும் துடைத்தாள். வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இடது பக்கத்தைப் போட்டாள். நூறு வருடத்துக்கு முந்தைய சோகமும் இன்றைக்கு பஸ் பிடிக்கும் அவசரமும் அந்த ஒரே முகத்தில் இருந்தன. அந்தப் பெண் அவ்வளவு அழகாக இருந்தாள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மற்ற இரண்டு பேரும் போட்டுக் காட்டி முடித்த பிறகு மேலாளர் அம்மா எங்களைக் கூப்பிட்டார். இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார். இவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். டப்பாக்களை ஒவ்வொன்றாக, தேவைக்கு மேல் மெதுவாக அடுக்கினேன்.

"அடுத்த வாரத்துலேருந்து பயிற்சிக்கு ஒரு பொண்ணை வீட்டுக்கே அனுப்பறோம்" என்றார் அவர்.

"போட்டு முடிச்சுச் சரி பாக்கறதுக்கு அனுப்புங்க மேடம். யோசிக்கறதுக்கு இவர் மூஞ்சிதான் வேணும் எனக்கு. வேற மூஞ்சியில ஒண்ணும் தோணாது. மத்தவங்களுக்குப் போடும்போது இடது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக்கறேன்."

அந்த நோய்க்குப் பிறகு என் இடது கண்ணில் காரணமே இல்லாமல் தண்ணீர் வரும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, நானும்தான். அன்று பெட்டியின் மேல் குனிந்திருந்தபோது வலது கண்ணிலும் வந்தது.