வெள்ளி படிந்த பாதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில், கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் தீமிதியில் இது ஆரம்பித்தது. என் கணவர் சொந்தமாக ஸ்கூல் பஸ் வைத்து ஓட்டுபவர். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்தாள், இவரும் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்கள் விழுந்தடித்து ஓட, இவர் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்து வந்தார். சூடே தெரியவில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் துணி துவைக்கும்போது பார்த்தேன், அவருடைய காலுறையில் மஞ்சளும் ரத்தமும் கலந்த கறை. ஒரு மாதிரி வாடை வேறு. காலைக் காட்டுங்கள் என்றால் மழுப்பினார். விடாமல் பிடித்து இழுத்துப் பார்த்தால், வலது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து பெரிய புண்ணாகியிருந்தது. அதன் மேல் மஞ்சளை அரைத்து அப்பியிருக்கிறார்! நெருப்பில் கால் வெந்தால் விரதத்தில் ஏதோ குறை என்று நாலு பேர் பேசுவார்களாம். அந்த வெட்கத்தில் என்னிடம்கூட மறைத்துவிட்டார் மனுஷன்.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது. சாலாக் செலாத்தானில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இதே வியாதிதான். அண்ணனுக்கு ஒரு கால்விரல் கறுத்துப்போனதில் ஆரம்பித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கறுத்த விரலை நான் என் கண்ணால் பார்த்தவள். பயத்தில் நான் போட்ட சத்தம் பக்கத்துத் தாமான் வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இவர் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எப்ப தொடுவீங்க டாக்டர்?” என்று கேட்டார். டாக்டர் இரண்டு பாதத்தையும் தொட்டு முடித்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூக்குழியில் சூடு தெரியாததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இனிப்பு நீரால் பாதத்தில் உணர்ச்சியே செத்துப்போயிருக்கிறது.

காலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். “முயற்சி பண்றோம் ஆன்டி, கேரண்டி தர முடியாது” என்றார் டாக்டர். அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கிருமிக்கு மருந்து, சர்க்கரைக்கு இன்சுலின், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்ற கண்டிப்பு, எல்லாம் சேர்ந்து வந்தது. கூடவே புண்ணின் மேல் ஒரு சாம்பல் நிறத் துணியை வெட்டி வைத்துக் கட்டினார்கள். அதில் இருப்பது வெள்ளி என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. நாம் காலில் போடும் கொலுசு வெள்ளிதானாம். அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித் துகளாக்கித் துணியில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு ‘நானோ’ துகள் என்று பெயராம். துகள் அவ்வளவு சிறியதாக இருப்பதால், ஈரம் பட்டதும் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணில் இறங்கி, நாள் கணக்கில் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்குமாம். தினமும் கட்டுப் பிரித்துப் புண்ணை நோகடிக்க வேண்டியதில்லை.

சில நாள் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போனோம். இவரைப் படுக்க வைத்து, நர்ஸ் மிஸ்ஸி அந்தத் துணியை மெதுவாக உரித்தார். உள்ளே பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. புண்ணைச் சுற்றிக் கறுப்பு. புண்ணின் மேலும் கறுப்பு. அவருடைய அண்ணனின் விரலில் நான் பார்த்த அதே கறுப்பு!

இவருக்குத் தன் உள்ளங்கால் தெரியாது. என் முகம்தான் தெரிந்தது.

“என்னம்மா, கறுத்துடுச்சா?” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே, “பரவால்ல, பஸ்ஸ வித்துடலாம்” என்றார்.

மிஸ்ஸி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயோ அங்கிள், எதுக்கு பஸ்ஸ விக்கணும்? இது வெள்ளிலா! துணியில இருந்தது தோல்ல படிஞ்சிருக்கு” என்றார். ஈரப் பஞ்சை எடுத்து மெதுவாகத் துடைத்தார். கறுப்பு பஞ்சோடு வந்தது. அடியில் செக்கச்செவேலென்று புதுச் சதை, பேத்தியின் உதடு மாதிரி. “சிவப்பா இருந்தா நல்ல ரத்த ஓட்டம் ஆன்டி. மோந்து பாருங்க, வாடையும் இல்ல” என்றார். நான் வெட்கத்தை விட்டு நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாதி அழுகையில் மிஸ்ஸியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். கையுறையோடுதான்.

புண் முழுசாக ஆற மாதக் கணக்கானது. சுற்றியிருந்த தோலில் அந்தக் கறை போக இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. அத்தனை நாளும் அவரை நடக்கவிடாமல் காவல் காத்தது தனிக் கதை. எல்லாம் அந்தத் துணியால்தான் என்று சொல்ல மாட்டேன், டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கண்ணுக்கே தெரியாத ஒன்று, ஒரு காலுக்காக ராத்திரி பகலாக உள்ளே வேலை செய்ததை நினைத்தால் எனக்குக் கை தானாகக் குவிகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். அம்மன் அருள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவள் இந்த வழியாகத்தான் வந்தாள் என்று வைத்துக்கொள்கிறேன். இவர் இப்போதெல்லாம் தீமிதியன்று மோர்ப் பந்தலில் நிற்கிறார், காலில் நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு.

விடிந்ததும் அவர் பஸ் எடுக்க மாடியிலிருந்து இறங்கி வருவார். சமையல்கட்டில் நிற்கும் எனக்கு இரண்டு கால்களும் மாறி மாறிப் படியில் விழும் சத்தம் கேட்கும். அவர் கீழே வந்து சேரும்வரை நான் குழாயை மூடிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.