இரண்டாய்ப் பிளந்த அடுப்பு

சறோஜினிதேவி எங்கள் காணியில் கட்டின கயிறுகளைப் பின்னேரமானால் ஒவ்வொன்றாய் அவிழ்ப்பா. காலமை வந்து திரும்பக் கட்டுவா. கண் தெரியாத நாகமுத்தர் அந்த வழியால்தான் கோயிலுக்குப் போறவர், தடக்கி விழப்படாதென்று. ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "கயிறு பனியிலை நனைஞ்சால் இழுபட்டுப் போம் அண்ணை" என்று சின்னப் பொய் ஒன்று சொன்னா.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. சறோ பக்கத்து ஊரான கரம்பொன் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் படம் கீறுகிற உத்தியோகம். லீவு நாளில் எங்கள் ஊர் புளியங்கூடலுக்கு வந்து எங்கள் காணியில் குந்தியிருந்து கல் பார்ப்பா. கமம், உழவு தெரியாத காலத்துச் சனம் அங்கே தங்கி, கல்லை உடைத்துக் கத்தி செய்ததாம். கல்லை எடுக்கமாட்டா. கட்டை நட்டு, கயிற்றால் கட்டம் பிரித்து, எந்தக் கல்லுச் சில்லு எவ்விடத்தில் கிடக்குதென்று அளந்து எழுதுவா. கொழும்பில் அவவின் தமையன் வேலை செய்த கந்தோரில் ஒரு கொம்பியூட்டர். இலக்கங்களை அனுப்பினால் அது புள்ளி புள்ளியாய்ப் படம் தரும். புள்ளி நெருங்கின இடத்தில்தான் அடுப்பு மூட்டிச் சுற்றி இருந்திருக்கினம் என்பது அவவின் எண்ணம்.

"கோலம் போட ஒரு மிசினோ? உம்மைக் கட்டுறவன் பாவம் பிள்ளை," என்பேன்.

"அவருக்கும் ஒரு புள்ளி வைப்பன்," என்பா.

காணியில் பாதி என் தமையன் ஏரம்புவினுடையது. மழை விழ உழுதுவிடுவார். அதற்கு முதல் படம் சரிவந்தால்தான் "அந்த இடத்தை விடுங்கோ" என்று கேட்கச் சறோவுக்கு ஒரு வாய் இருக்கும்.

ஐப்பசி பிறக்கப் படம் வந்தது. சறோ தலையில் கை வைத்தா. வட்டமாய் வரவேண்டியது நடுவால் பிளந்து, பாதி விலகிக் கிடந்தது.

"அந்தக் காலத்திலையும் அண்ணன் தம்பி பங்கு பிரிச்சிருக்கினம் போல," என்றேன்.

"அம்மாளாணை, நான் கட்டையைத் தொடேல்லை!" என்றார் ஏரம்பு அண்ணை.

கட்டையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவேயில்லை. இதுக்குப் போய்க் கோயில் அம்மாளை இழுக்கிறதோ!

தோண்டிக் கேட்கத்தான் வெளியில் வந்தது. கட்டையைக் கண்டதும், தம்பி நான் களவாய்க் காணி பிரிக்கிறேன் என்று அவருக்கு எண்ணம். பாதி அளந்து முடிந்த நேரம், சறோ யாழ்ப்பாணத்தில் நின்ற கிழமை, கட்டை எல்லாவற்றையும் ஒழுங்கு குலையாமல் என் பக்கம் தள்ளி நட்டிருக்கிறார். அது தெரியாமல் சறோ மிச்சப் பாதியை அளந்திருக்கிறா. எங்கள் ஊரில் எல்லைக்கட்டையைக் கண்டால் எவருக்கும் கை சும்மா இராது.

சறோ கோபிக்கவில்லை. "பறவாயில்லை பெரியண்ணை. எவ்வளவு தள்ளினனீங்கள்?"

"ஒரு... ரெண்டடி."

"ரெண்டடியோ!" என்று நான் பாய்ந்தேன்.

"நீங்கள் பொறுங்கோ அண்ணை."

கொழும்புக்குத் திரும்ப அனுப்பிப் படம் எடுக்கிற வரைக்கும் மழை பொறுக்காது. படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு பாதியை ரெண்டடிக் கணக்குக்கு நகர்த்தி வைத்தா. எங்கள் இரண்டு பேரின் எல்லைக்கு நடுவில் வடிவான வட்டம் ஒன்று வந்து பொருந்தினது.

ஏரம்பு அண்ணை கனநேரம் குனிந்து பார்த்தார். "அடுப்பெண்டது மெய்யோ பிள்ளை?"

"ஓம்."

"அப்ப மிதிக்க ஏலாது."

அந்த இடத்தைச் சுற்றி மாட்டை வளைத்து, மிச்சத்தைத்தான் உழுதார்.

எண்பத்தேழில் சறோ கனடாவுக்குப் போக வெளிக்கிட்டா. வழியனுப்பப் போன நான் பஸ்ஸடியில் நின்றும் முறைப்பட்டேன்: "பெரியண்ணையின்ரை வேலி வரவர என் பக்கம் வருகுது. அடுப்பையும் விழுங்கப் போகுது."

சறோ பஸ் படியில் ஏறி நின்று சிரித்தா.

"விடுங்கோ அண்ணை, அடுப்பு அவரிட்டையே இருக்கட்டும். நீங்கள் எண்டால் ஆரும் கேட்டவுடனை குடுத்துப்போடுவியள். அவரிட்டைப் போனதை ஆர் திரும்ப வாங்கினது?"