பாட்டுக்குச் சுருட்டிய விரல்கள்

இசக்கியம்மாளுக்குப் பாட்டுக் கச்சேரி என்றாலே தலைவலி. பாளையங்கோட்டையில் சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா, டிக்கெட் எடுத்தாச்சு என்று மகள் முத்துராணி வந்து நின்றபோது, "நீயும் மாப்பிள்ளையும் போங்க, எனக்கு இடுப்பு வலிக்கி" என்று கழன்றுகொள்ளத்தான் பார்த்தாள். "பழைய டிவி நாடகப் பாட்டும் வாசிக்காங்களாம்மா" என்றதும் இடுப்பு வலி எங்கே போனதோ, பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்துவிட்டாள்.

சபீதா வருவாள். உசிரோடு இருந்தால் அந்தப் பாட்டுக்கு வராமல் இருக்க மாட்டாள். அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டையில் குடியிருந்தபோது அவர்கள் தெருவுக்கே சபீதா வீட்டில்தான் டிவி. நாடக நேரத்துக்குப் பெண்கள் பீடி இலையும் தூளும் வைத்த சுளகோடு அங்கே போய்விடுவார்கள். கண் நாடகத்தில் இருக்கும், கை பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். சபீதா இடக்கைக்காரி. இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கையோடு முழங்கை இடிக்கும். அந்த இடிக்குத்தான் இருவருக்கும் சிரிப்பு. இசக்கியம்மாள் உலையை இறக்கிவிட்டு எப்போதும் பிந்தித்தான் வருவாள். அவள் இடத்தில் யாராவது உட்காரப் போனால் சபீதா, "ஆளு வருது, தள்ளி இரி" என்பாள். அது ஒரு காலம்.

கெடுத்தது நாடகத்தின் கடைசி நாள். கதாநாயகி செத்துப்போனாள். இருவரும் அழுத அழுகையில் சுருட்டிய பீடியை அடுத்தவள் சுளகில் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் கம்பெனியில் சபீதாவின் கட்டைப் பிரித்து, சுற்று சரியில்லை என்று பாதியைக் கழித்துவிட்டார்கள். "உன் பீடிதான் கலந்துட்டு" என்றாள் சபீதா. இசக்கியம்மாளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். "என் கையைக் குறை சொல்ல நீ யாருளா?" என்று சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. பிறகு வீடும் பாளையங்கோட்டைக்கு மாறிவிட்டது. அட, இத்துனூண்டு பீடிக்கு இருபது வருஷமா? வீம்பு வந்துவிட்டால் அப்படித்தான்.

மைதானத்தில் கூட்டமான கூட்டம். இசக்கியம்மாள் மேடையைப் பார்க்கவே இல்லை. வரிசை வரிசையாகக் கழுத்தை நீட்டினாள். எத்தனை கறுப்புப் பர்தா, அதில் சபீதா முகத்தை எங்கே என்று தேடுவது?

"யாரம்மா தேடுத?" என்றாள் முத்துராணி.

"ஒருத்தருமில்ல."

பாட்டுக்கு மேல் பாட்டு போனது. இந்த வயதில் இது என்ன கிறுக்குத்தனம் என்று தன்னையே வைதுகொண்டாள்.

அப்போது வயலின்கள் அந்த நாடகப் பாட்டை எடுத்தன. குனிந்து பார்த்தால், மடியில் இல்லாத இலையை விரல்கள் சுருட்டிக்கொண்டிருந்தன. கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மடியிலும் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடக்கை.

எழுந்து போய் முன்னால் நின்றாள். சபீதா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்ததுலேர்ந்து கேக்குதவங்ககிட்டல்லாம் ஆளு வருதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ஏளா, இன்னைக்கும் பிந்தித்தான் வாரியா?"