தொங்கிய நேரத்துக்குக் கூலி

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பது அவர் தொழில். அவருக்கு உயரம் என்றால் பயம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்கூட.

ஒரு துப்புரவுக் கம்பெனியில் இருந்தவரை மாதச் சம்பளம் வந்தது. பயமும் அதற்குள் அடங்கிப் போனது. கம்பெனி மூடியதும் மைத்துனரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக இறங்கினார். முதல் வாடிக்கை, கடைவீதி முனையில் இருந்த ஒரு அலுவலகக் கட்டடம். அதன் மேலாளர் கேட்டார்:

"மணிக்கு எவ்வளவு வாங்குவீங்க?"

அதிகம் சொன்னால் வேலை கைநழுவிவிடும். வாய்க்கு வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு ஒரு தொகை சொன்னார். மேலாளர் பேரம்கூடப் பேசாமல் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், திரைச்சீலைகள் தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"கேட்ட உடனே சரின்னுட்டாரா? அப்ப குறைச்சுக் கேட்டுட்டீங்க."

"கிடைச்ச வேலை போயிடக் கூடாதில்ல."

"அதுக்காக? தரையில உக்காந்து தைக்கிற நானே உங்களைவிட அதிகம் கேக்குறேங்க."

மறுநாள் வேலை தொடங்கியபோது காற்றே இல்லை. நடுப்பகலில் திடீரென்று கிளம்பியது. ஒரே தள்ளில் அவரைக் கட்டடத்தின் மூலைக்கு வீசியது. அங்கே நீட்டிக்கொண்டிருந்த விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்தில் கயிறு சுற்றிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. மொட்டைமாடியிலிருந்து மைத்துனர் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது.

"மாமா, அசையாதீங்க... நான் வர்றேன்..."

வாளி கண்ணாடியில் டொக் டொக்கென்று முட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். வாயசைத்து ஏதோ கேட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தொடையைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை இறுக்கி இறுக்கி, கால்கள் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. அப்போது மனதில் சாமியும் வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. இந்த நேரத்தையா அந்த விலைக்கு விற்றோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மைத்துனர் இரண்டாவது கயிற்றில் இறங்கிச் சிக்கலை விடுவிக்க ஒரு மணி நேரம் ஆனது. தரையைத் தொட்டதும் கண்ணாடிக்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலாளர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல," என்றார். கண்ணாடிக்காரர் குடித்து முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "நடுவுல ஒரு மணி நேரம் வேலை நடக்கல. அதைக் கழிச்சுக்கலாமா?" என்றார்.

மேலாளர் கெட்ட மனிதர் அல்ல, கணக்கு மனிதர்.

"கழிக்காதீங்க சார்," என்றார் கண்ணாடிக்காரர். "மத்த நேரமெல்லாம் கண்ணாடி துடைச்சேன். அந்த நேரம் உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். மீதி வேலைக்கு மணிக்கு இரண்டு மடங்கு வேணும். காத்து அடிச்சா இறங்க மாட்டேன். காத்திருக்கிற நேரத்துக்கும் கூலி உண்டு."

மேலாளர் அந்த மணி நேரத்தைக் கழிக்கவில்லை. ஆனால், "யோசிச்சுச் சொல்றேன்," என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு நாட்கள் போயின, போன் வரவில்லை. கயிற்றில் வந்த பயம் காற்றோடு போய்விட்டது. வேலை போய்விடுமோ என்ற இந்தப் பயம் சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வந்தது. பேசாமல் போன் பண்ணிக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரின் எண்ணைத் தேடினார். மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"எனக்குப் பயமா இருக்கு. வேலை போயிடுமோன்னும் பயம், வேலைக்குப் போகவும் பயம். மேல நிக்கிறப்ப எப்பவுமே பயம்தான்."

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப குறைக்காதீங்க," என்று போனை வாங்கி வைத்தாள்.

கடைசியில் மேலாளரே கூப்பிட்டார். இரண்டு மடங்கு முடியாது, ஒன்றரை தருகிறேன் என்றார். காற்று விஷயத்துக்கு ஒத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் சம்மதித்தார்.

வேலை மறுபடி தொடங்கிய அன்று மொட்டைமாடிச் சுவரைத் தாண்டக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"என்ன மாமா?"

"பயமா இருக்குப்பா. கொஞ்சம் பொறு."

மைத்துனர் கயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். "நிதானமா இறங்குங்க மாமா. இந்த நேரத்துக்கும் கூலி உண்டுல்ல," என்றார்.