ஃபுல்லா கிடைக்கும் மேடம்

அந்த ஓட்டலின் வரவேற்பு மேசையில் நிற்பவனுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘ஃபுல் சிக்னல்’. ரூமில் இன்டர்நெட் வருமா என்று யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் “ஃபுல்லா கிடைக்கும்” என்று சொல்லிவிடுவான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்குக் கிடையாது. வணக்கம் சொல்வதைப்போல அதுவும் வாயில் ஊறிப்போன ஒன்று. ஆள் கெட்டவன் இல்லை. முகம் கோணாமல் பேசுவான், வயதானவர்களின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போவான், குழந்தை அழுதால் மேசை மணியைத் தட்டிக் காட்டுவான். எதிரில் நிற்பவர் முகம் சுருங்கக் கூடாது. அதற்காக எதை வேண்டுமானாலும் அள்ளி விடுவான்.

இன்டர்நெட் விஷயத்தில் ஓட்டல் ஒன்றும் கஞ்சத்தனம் செய்யவில்லை. கீழே ஹாலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேலே அறை எண்ணையும் பெயரையும் தட்டினால் வைஃபை வந்துவிடும். மூன்றாம் மாடி மூலை அறைக்கு மட்டும் அது சரியாக எட்டாது, வந்து வந்து போகும். நடுவில் லிஃப்ட் சுவர். அங்கே தங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நீள வயர் அவன் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் சொருகினால் போதும், தடங்கலே இருக்காது. ஆனால் வயரை எடுத்து நீட்டினால், ஏன், வைஃபை வராதா என்று கேட்பார்கள். அதற்கொரு பதில் சொன்னால் அறையை மாற்று என்பார்கள். எதற்கு வம்பு என்று அவன் அதைத் தொடுவதே இல்லை.

அன்று காலை வந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். உள்ளூர்க்காரர்தான். பகலுக்கு மட்டும் ஓர் அறை கேட்டார். பிள்ளைகளுக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவரைப் பல வருஷம் கழித்து ஒரு கம்பெனி வீடியோவில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வீட்டில் ஒரே கூச்சல், அதனால்தான் இங்கே வந்தேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். சத்தம் இருக்கக் கூடாது, இன்டர்நெட் நடுவில் நின்றுபோகக் கூடாது. இரண்டாவதை மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். சத்தமே இல்லாத அறை என்றால் மூலை அறைதான். சாவியை நீட்டினான்.

“ஃபுல்லா கிடைக்கும் மேடம். நிம்மதியா பேசுங்க.”

அவருக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் பெட்டிகளோடு முட்டி மோதிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் அந்த இழுப்பறை அவன் முழங்காலுக்கு நேராகத்தான் இருந்தது.

மதியம் அந்த அம்மா இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவன் சமாதானப் பேச்சையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அதற்கு வேலையே வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க தம்பி. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. படம் அப்படியே நின்னுபோச்சு. திரும்ப வர்றதுக்குள்ள அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. வீட்டுக்காரர் அப்பவே சொன்னார், உனக்கு இதெல்லாம் வராதுன்னு.”

இந்த இடத்திலாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவனும் வாயைத் திறக்கத்தான் செய்தான்.

“பரவால்ல மேடம். பழகினா வந்துடும்.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. தப்புச் செய்தவனும் அவன், பெரிய மனது பண்ணி மன்னித்தவனும் அவன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அறையைச் சுத்தம் செய்யப் போன அக்கா வந்து, மூலை அறையில் யார் இருந்தது என்று கேட்டாள். நாற்காலி ஜன்னலோரம் கிடக்கிறதாம், அதன்மேல் தலையணைகள் அடுக்கியிருக்கிறதாம். கம்ப்யூட்டரை எங்கே வைத்தால் வரும் என்று அந்த அம்மா அறை முழுக்க அலைந்திருக்கிறார். அவன் முகம் செத்துப்போனது. அதன்பிறகு வந்தவர்களிடம் சாவியை நீட்டும்போது அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். அதுவும் பொய்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வேலைக்கு வந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அந்த அம்மாவின் நம்பரை எடுத்தான். மேனேஜருக்குத் தெரிந்து வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சுற்றி வளைக்காமல் பேசினான்.

“அக்கா, நான் ஓட்டல்லேருந்து பேசறேன். அந்த ரூம்ல வைஃபை நிக்காது. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் குடுத்தேன். நீங்க எதையும் தப்பா அமுக்கல. அந்தக் கம்பெனிக்கு நானே எழுதித் தரேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே சொல்றேன்.”

அந்தப் பக்கம் அவர் மெதுவாகச் சிரித்தார்.

“உங்களுக்கு நல்ல மனசு தம்பி. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழியை உங்க மேல போட்டுக்கறீங்க. நேத்தே பார்த்தேனே, எவ்வளவு அன்பா பேசினீங்க.”

“இல்லக்கா, நிஜமாத்தான் சொல்றேன்” என்றான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் எந்தக் குரலில் ‘ஃபுல்லா கிடைக்கும்’ என்பானோ, அதே இனிக்கிற குரலில்தான் அதுவும் வந்தது. வேறு குரல் அவனிடம் இல்லை. வேலைக்குப் போகிற ஆசையையே விட்டுவிட்டேன், கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டேன் என்று அந்த அம்மா சொன்னார். பிறகு யாரென்று கேட்ட தன் வீட்டுக்காரரிடம் பதில் சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

“ஓட்டல்காரத் தம்பி. என் தப்பைத் தன் தப்புங்குது. பாவம், பொய் சொல்லக்கூடத் தெரியல.”