உதட்டைக் கேட்கிறவன்

ஆற்றங்கரைப் பாறையில் குந்திக்கொண்டு, அக்கரையில் நடக்கும் சண்டையை இக்கரைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பான் அப்பாத்துரை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தால் அவனுக்கு அதுதான் வேலை. அங்கே துணி துவைக்கிற இரண்டு பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்பது தாமிரபரணியின் இரைச்சலில் யார் காதிலும் விழாது. "இந்தக் கல்லு ஒனக்கு ஒன் மாமியா குடுத்த சொத்தான்னு கேக்கா. அதுக்கு இவ சொல்லுதா, எங்க மாமியா எங்க கல்லக் குடுக்கா, அவ கல்லயே வறுத்துத் தின்னுருவாளே." குளிக்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் தண்ணீருக்குள் நின்றபடி விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தப் பெண்கள் நிஜமாகவே அப்படித்தான் பேசினார்களா என்று ஒருநாள் கேட்டேன். "பாதி அவ சொன்னதுய்யா. மீதி அவ சொல்ல நெனச்சது" என்றான்.

உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் பனையேறிய குடும்பம். மழை பொய்த்த வருஷத்தில் மனைவி கெசியாவை ஊரில் விட்டுவிட்டு, இந்த மலையடிவாரத்துப் பஞ்சாலைக்கு வந்தான். நூற்புக் கூடத்தில் வேலை. அங்கே இயந்திரம் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகையால் அங்குள்ளவர்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசுகிறார்கள், கண்ணால் கேட்கிறார்கள். அப்பாத்துரை அந்த வித்தையில் பலே கெட்டிக்காரன். பழக்கதோஷத்தில் கடைக்கு வந்தும் வாயை மட்டும் அசைத்து உப்பு கேட்பான். ஊமை போலும் என்று இரக்கப்பட்டு ஒரு கை கூடப் போட்ட கடைக்காரர், "போதும் அண்ணாச்சி" என்று அவன் வாய் திறந்ததும் பயந்தே போனாராம்.

வாரத்தில் ஆறு நாள் ஆலைக்குப் போய்விடுகிறது. ஏழாவது நாளை என்ன செய்வது? தேர் இழுக்கலாமென்றால் வடத்துக்கு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நாடகம் பார்க்கலாமென்றால் அது விடிய விடிய நடக்கும். காலையில் ஆலைச் சங்கு யாருக்காகவும் காத்திராது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு மிச்சம் கள்ளுக்கடையும் குறட்டையும்தான். உழைக்கக் கூப்பிட்டவர்களில் ஒருவருக்காவது இவன் சிரிப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இந்த நிலையில்தான் முகம்மது மைதீன் சாயபு அம்பாசமுத்திரத்துக்குப் பயாஸ்கோப்புக் கொட்டகையைக் கொண்டுவந்து இறக்கினார். அடேயப்பா, என்ன அமர்க்களம்! திரைக்கு முன்னால் நாற்காலியும் பெஞ்சும். படம் பேசாதல்லவா? அதற்காக சிவசண்முகம் என்கிற வித்துவான், கோட்டும் தலைப்பாகையுமாகக் கையில் பிரம்போடு நின்று கதை சொல்லுவார். திரைத்துணியை நன்றாக நனைத்துவிடுவதால் படம் பின்பக்கமும் தெரியும். அந்தப் பின்பக்க மணல்தான் ஆலைக்காரர்களுக்கு.

முதல் ஞாயிறு நான் நாற்காலியில் இருந்தேன். "இதோ, சீமாட்டியானவள் தன் நாயகனை நோக்கி வினவுகின்றாள்" என்றார் வித்துவான். எனக்குக் கொட்டாவி வந்தது. திரைக்குப் பின்னாலோ கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பொறுக்க முடியாமல் எழுந்து பின்னால் போனேன். அப்பாத்துரை துரைசானியின் உதட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். "கருப்பட்டி வாங்கியாரச் சொன்னா வெறுங்கைய வீசிட்டு வாறியளே, வெக்கமா இல்ல?" துரை தொப்பியைக் கழற்றினார். "உடன்குடிச் சந்தையில கூட்டந் தாங்கலட்டீ."

திரைக்குப் பின்னால் இடமும் வலமும் மாறித் தெரியும். அங்கே எல்லாத் துரைமாரும் இடக்கையால்தான் சாப்பிட்டார்கள். "பாவம், சீமையில சோத்துக்கையே கெடயாது போல" என்றான் அப்பாத்துரை. கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் திருத்தப் போகவில்லை.

"அவர்கள் பேசுவது இங்கிலீஷ் அல்லவா?" என்று மட்டும் கேட்டேன்.

"வெள்ளக்காரனுக்கும் உதடு ரெண்டுதானய்யா. 'பசி'ன்னு சொல்லணும்னா வாய மூடித்தான தொறக்கணும்?"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் நாற்காலிகள் காலியாயின. பின்பக்க மணலில் கால் வைக்க இடமில்லை. வித்துவான் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் வேண்டுமா, அந்தப் பயல் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். கடைசி ஆட்டத்தன்று சாயபு வாசலிலேயே அப்பாத்துரையை மறித்தார். மறுநாள் கொட்டகை தென்காசிக்குப் போகிறது.

"ஏலே, ஒன் வாயிலேருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவேன்."

"வராது மொதலாளி" என்றான் அவன். முகம் செத்துவிட்டது.

உள்ளே போகும்போது என்னிடம் சொன்னான்: "வாரம் பூரா மிசுனு பேசுது, நான் கேக்கேன். இந்த ஒரு பொழுதுதான் நான் பேசுதேன், நாலு பேரு கேக்காவ. அதுவும் போச்சுன்னா இங்கன எனக்கு என்னய்யா இருக்கு?" அன்று நாற்காலிச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவனோடு மணலிலேயே உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு துரைசானி குடையை ஓங்கிக்கொண்டு போலீஸ்காரனைத் துரத்தினாள். எல்லார் கண்ணும் அப்பாத்துரையின் மேல் இருந்தது. அவன் திரையோரமாக நகர்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஒருக்களித்து உட்கார்ந்தான். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. துரைசானிக்கு ஓர் இழுப்பு, போலீஸ்காரனுக்கு ஒரு கோணல், இரண்டுக்கும் நடுவில் இரண்டு கையும் பறந்தன. நூற்புக் கூடமே அங்கேதானே உட்கார்ந்திருக்கிறது! ஒரு சொல் தப்பாமல் அத்தனை பேரும் கண்ணால் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் முதலில் 'களுக்'கென்றான். அப்புறம் எழுந்த சிரிப்பில் கொட்டகைத் துணி படபடத்தது. முன்பக்கத்தில் "அந்தோ, இந்த அபலையின் துயரத்தை" என்று தொடங்கிய வித்துவான் பாதியில் நின்றுவிட்டார்.

சாயபு கைவிளக்கோடு பின்பக்கம் ஓடிவந்தார். "யாருலே பேசுனது?"

யாரும் பேசவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாத்துரை அவரைப் பார்த்துப் பணிவாக உதட்டை அசைத்தான். கூட்டம் மறுபடி வெடித்தது. சாயபு அவன் வாயையே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கோபம் போய், தனக்கு மட்டும் தெரியாமல் என்னவோ நடக்கிறதே என்கிற தவிப்பு முகத்தில் வந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, "என்னய்யா சொல்லுதான் இவன்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அப்பாத்துரை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சற்றே நகர்ந்து, பக்கத்து மணலை உள்ளங்கையால் தட்டிக் காட்டினான்.